ஏழாம் நம்பர் வண்டியின் இரைச்சல்

நாரின் என்கிற மலையூரின் டாக்சி ஸ்டாண்டில், தலைநகரமான பிஷ்கெக் போகிற வரிசைக்கு முப்பத்தோரு நம்பர். முப்பது நம்பர் ஆம்பிளைகள் கையில். ஏழாம் நம்பர் மட்டும் அனார்குல் கையில். அந்த ஒரு நம்பர் முப்பது பேர் கண்ணையும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏதோ அவரவர் வீட்டுச் சமையலறைக்குள் புகுந்து சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்பதுபோலத்தான் அவளைப் பார்ப்பார்கள்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நாற்பத்தேழு வயசு. குட்டை உருவம், அகலத் தோள், பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். பத்தொன்பது வயசில் தலைநகரத்துக்குப் போய் மின்கம்பியில் ஓடுகிற டிராலி பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டவள். அந்தக் காலத்தில் அங்கே டிராலி பஸ் ஓட்டுகிறதெல்லாம் பெரும்பாலும் பெண்கள்தான், யாரும் ஏன் என்று கேட்டதில்லை. கல்யாணமாகி நாரினுக்கு வந்த பிறகுதான் 'பொம்பளைக்கு எதுக்கு ஸ்டீயரிங்' என்கிற கேள்வியே அவள் காதில் விழுந்தது. கேட்டவன் புருஷன் ஜுமாதில். "டிராலி பஸ்ஸுக்காவது மேல ஒரு கம்பி இருக்கும், தடம் மாறாம இழுத்துட்டுப் போகும். உனக்கு அதுவும் இல்ல" என்று ஊர்ப் பந்தியில் வைத்துச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, மாமியார் தனக்கென்று கொடுத்திருந்த ரோமக் கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அதுவும் ஆகிப் பதினோரு வருஷம்.

அப்புறம் யார் யாருடைய வேனையோ கூலிக்கு ஓட்டினாள். மகள் வளர்ந்து மாஸ்கோவுக்குப் போய் ஒரு ஓட்டல் சமையலறையில் நின்று மாசாமாசம் அனுப்பியதில் ஒரு ஜப்பான் ஜீப் வாங்கினாள். பழையது, வலப்பக்க ஸ்டீயரிங், ஏழு பேர் உட்காரலாம், மலைக்கு ஏற்ற வண்டி. இந்த ஏழாம் நம்பர் போய்விட்டால் அவளுக்கும் மாஸ்கோதான் கதி. மகள் போனில் வாரா வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "வந்துடும்மா, இங்க பாத்திரம் கழுவ ஆள் வேணுமாம்." அந்த வார்த்தையைக் கேட்டாலே அனார்குல் போனை வைத்துவிடுவாள். பாத்திரம் கழுவுவது கேவலம் என்று அல்ல. முப்பது பேரும் வென்றதாக ஆகிவிடுமே என்றுதான்.

இந்த நிலைமையில் அந்த வருஷம் ஏப்ரலில் வண்டி கத்த ஆரம்பித்தது.

குளிரில் கிளப்பும்போது ஒரு நிமிஷம் விசிறி இரைவது எந்த ஜீப்புக்கும் உள்ளதுதான், அதை யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். இது அப்படியில்லை. முதலில் இரையும், அடங்கும், 'அப்பாடா' என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி பிடித்துக்கொள்ளும். பிடித்தால் பிஷ்கெக் போய்ச் சேரும் வரை விடாது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இரைச்சலும் ஏறும், காலை எடுத்தால் இறங்கும். ஏப்ரலில் முணுமுணுப்பாக இருந்தது மே மாசக் கடைசியில் ஊரைக் கூட்டுகிற ஓலமாகிவிட்டது. வழியில் வருகிற தோலோன் கணவாய் ஏற்றத்தில் வெப்ப முள் வேறு மேலே மேலே போகும். அப்போது அவள் ஜன்னலையெல்லாம் இறக்கிவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுவாள். இன்ஜின் சூடு கொஞ்சம் அந்த வழியாக உள்ளே வரும், முள் கீழே இறங்கும். பயணிகள் வியர்வையில் நனைந்துபோய் அவள் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டு வருவார்கள். திட்டுவது உதட்டசைவில்தான் தெரியும். அந்த இரைச்சலில் எதுவும் கேட்காது.

ஜூன் முதல் செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்டாண்டுக்குள் வண்டியைத் திருப்பினபோதே எர்மெக் ஆரம்பித்துவிட்டான். இருபத்தாறு வயசுப் பொடியன், நம்பர் இல்லாத உபரி வண்டி ஓட்டுகிறவன், ஸ்டாண்டுத் தலைவர் இஷெனுக்கு அக்கா மகன். தன்னைவிட இருபது வயசு மூத்தவளை எஜே, அக்கா, என்று கூப்பிட வேண்டும், மூத்த ஆம்பிளையைப் பைகே, அண்ணன், என்று கூப்பிட வேண்டும் என்பது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அவன் வாயில் அது வராது.

"பிளேன் எறங்குது, பிளேன் எறங்குது! எல்லாரும் தொப்பிய புடிச்சுக்குங்க!"

அத்தனை பேரும் கல்பாக் தொப்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். எருமைகள். ஒவ்வொருத்தனுக்கும் பேரன் எடுக்கிற வயசு.

அனார்குல் இன்ஜினை நிறுத்தினாள். இறங்கினாள். "உன் வண்டி சத்தமே போடாதே எர்மெக், ஏன்னா அதுல ஏறத்தான் யாரும் வர்றதில்லையே" என்றாள்.

இஷென் நோட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து வந்தார். அறுபது வயசு, மெதுவாகப் பேசுகிறவர், கெட்ட காரியத்தையெல்லாம் நல்ல குரலில் செய்கிற மனுஷன். "அனார்குல், நேத்து உன் வண்டியில போன டீச்சர் அழுதுட்டே போன் பண்ணுது. இந்த வெயில்ல ஹீட்டர் போட்டியாம். காது ரெண்டும் அடைச்சுப்போச்சாம்."

"போட்டேன். போடலைன்னா நடுமலையில நின்னிருக்கும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். என்னைக்காவது ஒருநாள் ஆறு பேரோட நடுமலையில நிக்கப்போற. வெள்ளிக்கிழமை காலையில வண்டி இங்க வரணும். சத்தம் கேட்கக்கூடாது. கேட்டுச்சுன்னா ஏழாம் நம்பர் வேற ஆளுக்கு."

"வேற ஆளுன்னா உங்க அக்கா பையனுக்குத்தானே இஷென் பைகே? நேரா சொல்லுங்களேன், எதுக்கு டீச்சரை அழ வைக்கறீங்க?"

அவர் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். எர்மெக் பல்லைக் காட்டினான்.

அவள் சும்மா இருந்தவளும் இல்லை. அதற்குள் மூன்று மெக்கானிக் பார்த்தாயிற்று. முதலாமவன் பெல்ட் என்றான், மாற்றினான், சத்தம் அப்படியே. இரண்டாமவன் விசிறிக் கிளட்ச் என்றான். விசிறியின் நடுவில் உருண்டையாக இருக்குமே, அது. ரேடியேட்டர் வழியாக வருகிற காற்று சுட்டால் விசிறியை இறுக்கிப் பிடித்து முழு வேகத்தில் சுற்ற வைக்கும், காற்று ஆறினால் பிடியை விட்டுவிடும். புதுசு வாங்கி மாட்டினான். சத்தம் முன்னைவிடக் கூடித்தான் போயிற்று. மூன்றாமவன் எதையும் தொடாமலே, இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வெடிச்சிருக்கு, இன்ஜினை இறக்கணும், ஒரு மாசம் ஆகும் என்றான். ஒரு மாசமாம்! வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கிறது.

ஊரில் மிச்சம் ஒருவன்தான். இரைச்சலைக் கேட்டே இன்ன இடம் என்று கைவைக்கிறவன். அவன் பேரைச் சொன்னாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று ராத்திரி எதுவும் சாப்பிடாமல் படுத்தாள். காலையில் எழுந்து, தன்னைத்தானே நாலு திட்டுத் திட்டிக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வண்டியை விட்டாள்.

ஜுமாதிலின் பட்டறை பழைய அரசாங்க லாரி டிப்போவின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. அவன் ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். கால் மட்டும் வெளியே.

"யாரு?"

"என் காலு தெரியுதில்ல, பாத்துக்க."

"செருப்பு தெரியுது. பதினோரு வருஷமா மாத்தலையா?"

"உன் வாயை மட்டும் மாத்திட்டியாக்கும்."

அவன் ஊர்ந்து வெளியே வந்தான். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. அதைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் திருப்தி. அவன் எண்ணெய்க் கையைத் துடைத்தபடி அவள் தோளைத்தான் முதலில் பார்த்தான், எதையாவது சுமந்து வந்திருக்கிறாளா என்று.

"எங்கம்மா கம்பளத்தைத் திருப்பிக் கொண்டுவந்திருப்பியோன்னு நெனச்சேன்."

"அது எனக்குக் குடுத்தது. உன் கையில குடுத்தா வித்துத் தின்னுடுவேன்னு உங்கம்மாவுக்கே தெரியும்."

"திருட்டுக்கு இது ஒரு பேச்சு."

"வண்டியப் பாக்கறியா, இல்ல நான் போகட்டுமா?"

"சத்தம் அப்பவே கேட்டுச்சு. பாலம் ஏறும்போதே. யாரோ கழுதைய டிரைவரா வச்சிருக்கான்னு நெனச்சேன், பாதி சரியாத்தான் இருந்திருக்கு." பானட்டைத் தூக்கினான். "தள்ளி நில்லு. நான் கேட்கும்போது வண்டிக்காரங்க பக்கத்துல நிக்கறது எனக்குப் பிடிக்காது."

"நான் நிப்பேன். கழட்டினதை நீ திரும்ப மாட்டறியான்னு யாரு பாக்கறது?"

அவன் முணுமுணுத்துக்கொண்டே இன்ஜினைக் கிளப்பச் சொன்னான். ஆனால் ஒன்று, திட்டிக்கொண்டிருந்த வாய் இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் மூடிக்கொண்டது. கண்ணையும் மூடிக்கொண்டான். இரைச்சல் வந்து, அடங்கி, மறுபடி பிடித்தது. ஆக்சிலேட்டரை மிதி என்று கையைக் காட்டினான், விடு என்று காட்டினான். அணைக்கச் சொன்னான். நின்ற விசிறியின் இதழைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தான், அது இறுகிப்போய் மெல்லத்தான் நகர்ந்தது.

"கிளட்ச் புதுசா?"

"புதுசு. அதுவும் வீணாப்போச்சு."

"வீணாப்போனது மாட்டினவன் மூளை. கிளட்ச் நல்லாத்தான் இருக்கு. காத்து சுடுதுன்னு அது இறுக்கிப் பிடிக்குது. பொய் சொல்லல. காத்து நெசமாவே சுடுது. ஏன் சுடுது, அதுதான் கேள்வி."

ரேடியேட்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். எண்ணெய்க் குச்சியை உருவி வெளிச்சத்தில் பிடித்தான். ஹெட் வெடித்து எண்ணெயில் தண்ணீர் கலந்தால் பால் மாதிரி வெளுக்கும். இதில் வெளுப்பே இல்லை. ஜுமாதில் புருவத்தைத் தூக்கினான். அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"எத்தனை நாளா இப்படி ஓட்டற?"

"ரெண்டு மாசம்."

"தோலோன் மேலயா?"

"பின்ன, ஆகாசத்துலயா?"

அவன் பட்டறைக்குள் போனான். பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்துவந்து மறுபடி இன்ஜினைக் கிளப்பச் சொன்னான். விசிறி இரையத் தொடங்கியதும் தாளை விரித்து வண்டியின் முகப்புக் கம்பிகள்மேல் வைத்துக் கையை எடுத்தான். விசிறி அந்த வேகத்தில் காற்றை உள்ளே இழுத்தால் தாள் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ள வேண்டும். ஓரத்தில் ஒட்டியது. நடுவில் தொளதொளவென்று ஆடிக் கீழே விழுந்தது.

"மூக்கடைப்பு" என்றான் ஜுமாதில். "முன்னால குளிருக்கு என்ன மூடியிருந்த?"

"மெத்தைத் துணி. மார்ச்சிலயே கழட்டிட்டேன். என்னை என்ன முட்டாள்னு நெனச்சியா?"

நாரினில் குளிர்காலம் பூஜ்யத்துக்கு முப்பத்தைந்து டிகிரி கீழே போகும். ரேடியேட்டருக்கு முன்னால் ஏதாவது ஒன்றைப் போர்த்தாத வண்டி ஊரிலேயே கிடையாது. அட்டை, மெத்தை, ஆட்டுத்தோல், ஆளுக்கு ஒன்று. வசந்தம் வந்தால் எடுத்துவிடுவார்கள். இதில் மறப்பதற்கு என்ன இருக்கிறது?

அவன் அவள் பேச்சைக் காதில் வாங்காமல் மேல்தகட்டைக் கழற்றினான். முன்னால் குளிர்சாதனத்துக்கான மெல்லிய ரேடியேட்டர், பின்னால் பெரிய ரேடியேட்டர், இரண்டுக்கும் நடுவே கைகூட நுழையாத ஒரு சந்து. முன்னாலிருந்து பார்த்தாலும் தெரியாது, பின்னாலிருந்து பார்த்தாலும் தெரியாது. டார்ச்சை மேலிருந்து அடித்தான். ஒரு கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி உள்ளே விட்டுத் துழாவினான். எதிலோ மாட்டியது. இழுத்தான். கருப்பாக, எண்ணெயும் புழுதியும் ஏறிய ஒரு கனத்த துண்டு சரசரவென்று மேலே வந்தது.

அனார்குலுக்கு அந்த நொடியிலேயே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஜனவரி. கணவாயில் பனிக்காற்று முன்னால் போர்த்தியிருந்ததைக் கிழித்துக்கொண்டு போன மறுநாள். உடம்பு சரியில்லாத ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு மத்தியானமே கிளம்ப வேண்டும், வீட்டில் வேறு எதுவும் கைக்கு அகப்படவில்லை. கத்தரிக்கோலை எடுத்து வெட்டி, காற்று பிய்த்துக்கொண்டு போகாதபடி இந்தச் சந்துக்குள் தன் கையாலேயே சொருகினாள். அப்புறம் முன்னால் புது மெத்தைத் துணியையும் கட்டினாள். மார்ச்சில் மெத்தைத் துணியைக் கழற்றினாள். உள்ளே இருந்ததை மறந்தே போனாள். ஐயோ, மறந்தே போனாளே!

முகம் பற்றி எரிந்தது. முப்பது பேருக்கும் பத்து வருஷத்துக்குச் சிரிக்க இது போதும்.

ஆனால் ஜுமாதில் சிரிக்கவில்லை. துண்டைப் பெட்ரோலில் நனைத்த துணியால் ஒரு ஓரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தான். அழுக்குக்கு அடியிலிருந்து நீலத்தில் ஒரு ஆட்டுக்கொம்புப் பின்னல் தெரிந்தது. கொம்பின் நுனியில் சிவப்பு நூலில் ஒரே ஒரு தையல். அந்த ஊரில் ஒவ்வொரு பெண்ணும் கம்பளத்தில் தன் கையடையாளம் ஒன்று வைப்பாள். இது யார் கை என்று அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

"எங்கம்மா கம்பளத்தை வெட்டியிருக்க."

அவள் கையை நீட்டினாள், அவன் துண்டைக் கொடுக்கவில்லை.

"ரெண்டு குளிர்காலம் உக்காந்து தைச்சா. விரலெல்லாம் வீங்கி, தேநீர்க் கிண்ணத்தைப் பிடிக்க முடியாம உக்காந்து தைச்சா. அதை வெட்டி... ரேடியேட்டருக்கு..." அவன் குரல் உடைந்தது, உடைந்ததற்காக அவனுக்கே கோபம் வந்து கத்தினான்: "உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? அட்டை கிடைக்கலையா ஊர்ல? கோணி கிடைக்கலையா?"

"ஓரம் பூச்சி அரிச்சிருந்துச்சு" என்றாள் அனார்குல். சொன்ன பிறகு அது எவ்வளவு கேவலமான பேச்சு என்று அவளுக்கே பட்டது. வெட்டும்போது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை என்பது உண்மை. இவன்மேல் இருந்த ஆத்திரத்தில் செத்துப்போன அந்தக் கிழவியின் விரல்களை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. அதுவும் உண்மை.

ஜுமாதில் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தான். இன்ஜினைக் கிளப்பிப் பார்த்தான். இரைச்சல் ஒரு நிமிஷம் வந்தது, அடங்கியது. அடங்கியது அடங்கியதுதான். கால் மணி நேரம் ஓடியும் பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது வண்டி.

"நீ கடைசியில எங்கிட்டதான் வருவேன்னு இஷென் எனக்கும் ஆள் அனுப்பினான்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "வெள்ளிக்கிழமை ஸ்டாண்டுக்கு வந்து என்ன கோளாறுன்னு எல்லார் முன்னாலயும் நான் சொல்லணுமாம். நீ மறந்துட்டன்னு நான் சொன்னேன்னு வை, உன் பொழப்பு நாறிப்போகும். கிளட்ச்னு சொல்லிடறேன். மிச்சக் கம்பளத்தைக் கொண்டுவந்து என் கையில குடுத்துடு."

"நீ எனக்காகப் பொய் சொல்லப்போறியா?"

"உனக்காக இல்ல. கம்பளத்துக்காக."

அவள் வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். "வெள்ளிக்கிழமை ஸ்டாண்டுக்கு வா. அங்க தர்றேன்."

வியாழக்கிழமை முழுக்க அவள் வீட்டிலேயே இருந்தாள். கம்பளத்தைத் தரையில் விரித்து வைத்து, வெட்டிய இடத்தைப் பார்த்தபடி தேநீர் குடித்தாள். ஒரு ஓரத்தில் நாலு கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக வெறும் தரை தெரிந்தது. திருப்பிக் கொடுப்பதில் அவளுக்கு வருத்தமில்லை. தான் அதை வைத்துக்கொள்ளும் தகுதியை வெட்டி எறிந்துவிட்டதாகவே நினைத்தாள். அந்தப் பொய்தான் உறுத்தியது. கிளட்ச் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நம்பர் நிலைக்கும், சரி. அப்புறம்? சாகிற வரைக்கும் அவன் கையில் கயிறு இருக்கும். சந்தையில் பார்த்தாலும், சாவு வீட்டில் பார்த்தாலும், 'நான் காப்பாத்தின பொழப்பு' என்று ஒரு பார்வை பார்ப்பான். அதற்கு மாஸ்கோவே மேல்.

வெள்ளிக்கிழமை காலையில் ஏழாம் நம்பர் வண்டி ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது முதலில் ஒருத்தன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தமே இல்லை, எப்படித் திரும்புவார்கள்? எர்மெக்கின் முகம் செத்துப்போயிற்று. இஷென் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். ஜுமாதிலும் வந்திருந்தான், சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு.

"என்னவாம் ஜுமாதில்?" என்றார் இஷென். "இன்ஜினா?"

ஜுமாதில் வாயைத் திறப்பதற்குள் அனார்குல் முந்திக்கொண்டாள்.

"கம்பளம்" என்றாள். தெருக்கோடி வரை கேட்கிற அவளுடைய வழக்கமான குரலில். "குளிருக்கு ரேடியேட்டர் நடுவுல கம்பளத் துண்டு சொருகினேன். எடுக்க மறந்துட்டேன். நான்தான் சொருகினேன், நான்தான் மறந்தேன். போதுமா? சிரிக்கறவங்க சிரிச்சு முடிங்க, நான் வண்டி எடுக்கணும்."

சிரித்தார்கள். எப்படிச் சிரித்தார்கள்! ஒருவன் வண்டியின் மேல் சாய்ந்து சிரித்தான், ஒருவனுக்கு இருமல் வந்துவிட்டது. எர்மெக் தரையில் உட்கார்ந்தே விட்டான். "ஜூன் மாசத்துல கம்பளம் போத்திக்கிட்டுப் போயிருக்கு வண்டி! ஏன், ஒரு தலகாணியும் வச்சிருக்கலாமே!" அனார்குல் அசையாமல் நின்றாள். காது மடல் மட்டும் சிவந்தது. ஜுமாதில் அவளை முறைத்தான். கொடுக்க வந்த பொய்யை வாங்க மறுத்துவிட்டாளே என்கிற எரிச்சல் அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

இஷென் கையைத் தூக்கிச் சிரிப்பை நிறுத்தினார். அந்த நல்ல குரலை எடுத்தார். "சத்தம் நின்னுடுச்சு, சந்தோஷம். ஆனா இப்ப இது சத்தத்தைப் பத்தின பேச்சு இல்ல அனார்குல். சின்ன விஷயத்தையே மறக்கற ஆள்கிட்ட ஆறு உசுரை ஒப்படைக்கலாமா? இன்ஜின் உள்ளுக்குள்ள வெந்து எந்த நெலமையில இருக்கோ, யாருக்குத் தெரியும்? நம்பரை எர்மெக்குக்கு..."

"எனக்குத் தெரியும்" என்றான் ஜுமாதில்.

எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"அந்த இன்ஜினை நான் பாத்தேன். எண்ணெயில ஒரு சொட்டுத் தண்ணி கலக்கல. ஹெட்டு நேரா நிக்குது." அவன் இஷெனிடம்தான் பேசினான், அனார்குல் அங்கே இல்லாத மாதிரி. "இவளோட நான் பன்னெண்டு வருஷம் குப்பை கொட்டினவன். இவ திமிரு, இவ வாய் எல்லாத்தையும் அனுபவிச்சவன். இவளுக்கு நல்லது சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடையாது. ஆனா இன்ஜினைப் பத்தி எவனாவது தப்பாப் பேசினா என்னால கேட்டுட்டு நிக்க முடியாது. மூக்கை அடைச்ச வண்டி பைகே அது. அதை ரெண்டு மாசத்துல அம்பது தடவை தோலோன் மேல ஏத்தி எறக்கியிருக்கா. முள்ளு ஒருதடவைகூட சிவப்பைத் தொடல. எந்த ஏத்தத்துல கியரை எறக்கணும், எந்த எடத்துல ஹீட்டரைத் தெறக்கணும்னு தெரிஞ்சு ஓட்டினாதான் அது நடக்கும். உங்க முப்பது பேர்ல ஒருத்தன்கூட ஏப்ரலைத் தாண்டியிருக்க மாட்டான்."

"நாங்க எல்லாம் மறக்கறதே இல்லையே" என்றான் எர்மெக், தரையிலிருந்து எழுந்தபடி.

"நீ பேசாத. போன ஆகஸ்ட்ல ஒண்ணுமே அடைக்காத வண்டிய அதே ஏத்தத்துல கொதிக்கவிட்டு, ஹெட்டை வளைச்சுட்டு, மாமாகிட்ட சொல்லிடாதீங்கன்னு என் காலைப் பிடிச்சியே, மறந்துட்டியா?"

இப்போது சிரிப்பு வேறு பக்கமிருந்து வந்தது. இஷென் தன் அக்கா மகனைத் திரும்பிப் பார்த்தார்.  பிறகு நோட்டைத் திறந்து, ஒன்றும் எழுதாமலே மூடினார். "ஏழு, வரிசையில நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டார்.

அனார்குல் பின்கதவைத் திறந்து சுருட்டிய கம்பளத்தை எடுத்து வந்து ஜுமாதிலிடம் நீட்டினாள். நன்றி என்று ஒரு வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது.

"பொய்யே சொல்லாம வாங்கிட்ட, லாபம்தான் உனக்கு" என்றாள். "வெட்டினது என் தப்பு. உன்கிட்ட சொல்லல, உங்கம்மாகிட்ட சொல்றேன். அவ கல்லறைக்குப் போறப்ப சொல்லிடு."

"நீயே போய்ச் சொல்லு. வழி தெரியுமில்ல?"

"தெரியும்."

"செருப்பை மாத்திட்டுப் போ." கம்பளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, பயணிகளைக் கூவி அழைக்கப் போய்விட்டாள்.

ஆறு பேர் ஏறினார்கள். குதிரைப்பால் கேனோடு ஒரு தடியர், அவர் சம்சாரம், பரீட்சை எழுதப் போகிற மாணவிகள் இரண்டு பேர், சந்தைக்குப் போகிற இரண்டு பெண்கள். பயணம் நல்லபடி முடிய உள்ளங்கைகளை முகத்தில் தடவி ஓமின் சொல்லிக் கிளம்பினார்கள். ஊர் தாண்டியது, ஏற்றம் தொடங்கியது. இன்ஜின் ஒரே சீராக ஏறியது. ஹீட்டர் வேண்டியிருக்கவில்லை, முள் நடுவில் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. இரண்டு மாசத்தில் முதல் தடவையாக அவள் தோள்கள் தளர்ந்தன.

அப்போதுதான் பின்சீட்டில் சந்தைப் பெண்கள் பேசுவது கேட்டது.

"இவதானாம்."

"எவ?"

"காலையில ஸ்டாண்டுல சிரிச்சாங்களே, கேட்கலையா? கம்பளத்தை மறந்தவ. மாமியார் கம்பளமாம். கத்தரிக்கோலால வெட்டினாளாம்."

"அடிப்பாவி! நல்ல குடும்பத்துப் பொம்பள செய்யற வேலையா இது?"

"அதான் புருஷன் தொரத்திவிட்டுட்டான்."

"பின்ன விடாம? மகளை வேற மாஸ்கோவுக்கு அனுப்பி அந்தக் காசுல..."

ஒரு எழுத்து விடாமல் காதில் விழுந்தது. பெருமூச்சு கேட்டது, உச்சுக்கொட்டல் கேட்டது, தடியர் தொண்டைக்குள் சிரித்தது கேட்டது. இத்தனை நாளும் இப்படித்தான் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் அந்த விசிறி நின்று இரைந்துகொண்டிருந்திருக்கிறது. அடைப்பை எடுத்ததும் ரேடியேட்டர் மட்டுமா திறந்துகொண்டது, இதுவும்தான்.

கணவாய் உச்சியில், கடைசி வளைவு தாண்டியதும், வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தாள். வெளியே காற்றைத் தவிர எதுவும் இல்லை. அவள் உடம்பை முழுசாகத் திருப்பி ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"வண்டி இப்ப சத்தம் போடறதில்ல" என்றாள். "அதனால எனக்கு எல்லாம் கேட்குது. புருஷன் என்னைத் தொரத்தல, நான்தான் அவனை விட்டுட்டு வந்தேன். கம்பளத்தை வெட்டினது நான், மறந்தது நான். மகளை நான் அனுப்பல, அவளாப் போனா, அவ காசுலதான் நீங்க உக்காந்திருக்கீங்க. பேசறதா இருந்தா சரியாப் பேசுங்க, தப்பா இருந்தா நான் திருத்தறேன். பிடிக்கலைன்னா எறங்கி நடக்கலாம், எறக்கம்தான்."

யாரும் இறங்கவில்லை. சந்தைக்குப் போகிற பெண்களில் ஒருத்தி, "இல்ல எஜே, நாங்க சும்மா..." என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டாள்.

அனார்குல் இன்ஜினைக் கிளப்பினாள். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரான கோச்கோர் வரும் வரைக்கும் வண்டிக்குள் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.